இறப்பர் வலைக்குள் சிக்கியதை வெளியே எடுப்பது எப்படி?

"இறப்பரைப் பெற்றோலில போட்டால் கரைஞ்சு போயிடும்." மட்டக்களப்பில் எந்த மோட்டார் சைக்கிள் கராஜிலும் இதைக் கேட்கலாம். சான்றாக, பெற்றோல் பட்டுப் பெருத்துத் தொளதொளத்த ஒரு வாசரையும் எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் அந்த வாசர் கரையவில்லை, பெருத்துத்தான் இருக்கிறது. ஒரு பொருள் கரைவதும் பெருப்பதும் ஒன்றல்ல.

இதே குழப்பம் ஆய்வுகூடத்திலும் வேறு உருவில் வரும். இறப்பரோடு இன்னொரு பிளாஸ்டிக்கைக் கலந்து செய்த துண்டை, கலந்ததைப் பிரித்தெடுப்பதற்காக, கரைப்பானில், அதாவது பொருட்களைக் கரைக்கும் திரவத்தில், ஊறவைக்கிறார்கள். நிறை 12 வீதம் குறைகிறது. "அப்படியென்றால் கலந்த பிளாஸ்டிக் 12 வீதம்" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த 12 வீதத்துக்குள் வேறு எவையெல்லாம் இருக்கின்றன, கலந்ததில் எவ்வளவு இன்னும் உள்ளேயே கிடக்கிறது என்ற இரண்டு கேள்விகளும் கேட்கப்படுவதில்லை. வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ இரசாயனவியல் படிக்கத் தொடங்கும் ஒருவருக்கு இந்த இரண்டு கேள்விகளும் விளங்கினால் போதும். மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

முதலில் ஓர் இறப்பர் பாண்ட்

சாதாரண இறப்பர் பாண்ட் ஒன்றை மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் மண்ணெண்ணெய் விட்டு, அடுப்புக்கும் விளக்குக்கும் தூரமாக ஓரிரவு வையுங்கள். காலையில் அது நீண்டு, தடித்து, வழுவழுவென்று இருக்கும். இழுத்தால் இலகுவில் அறும். ஆனாலும் வட்டம் வட்டமாகவே இருக்கும். ஒரு வாரம் விட்டாலும் போத்தலில் வெறும் மண்ணெண்ணெய்க் கரைசல் மட்டும் மிஞ்சிப்போவதில்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு. சைக்கிள் டியூப் ஒட்டும் கடையில் வைத்திருக்கும் சொலூசன் என்ன? அதுவும் இறப்பர்தான், பெற்றோல் போன்ற எண்ணெயில் முழுதாகக் கரைந்த இறப்பர். ஓர் இறப்பர் கரைகிறது, மற்றது பெருக்கிறது. இரண்டிலும் அடிப்படைப் பொருள் ஒன்றாக இருக்கலாம். வித்தியாசம் அவை கட்டப்பட்ட விதத்தில் இருக்கிறது.

இடியப்பமும் வலையும்

இறப்பர் மரத்துப் பாலில் இருப்பது மிக நீளமான சங்கிலி மூலக்கூறுகள். ஐசோப்பிரீன் என்ற சிறிய அலகு ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்து வந்தவை. இப்படிச் சிறிய அலகுகள் திரும்பத் திரும்பக் கோர்த்த சங்கிலிக்குப் பல்பகுதியம் என்று பெயர்.

பச்சை இறப்பரில், அதாவது இன்னும் பதப்படுத்தாத இறப்பரில், இந்தச் சங்கிலிகள் தட்டில் கிடக்கும் இடியப்பம் மாதிரி. ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தாலும் எதுவும் எதனோடும் முடிச்சுப் போடப்படவில்லை. சொதியை ஊற்றிப் பொறுமையாகக் கலைத்தால் ஒவ்வோர் இழையும் தனியே வந்துவிடும். சொலூசன் அப்படித்தான் உண்டாகிறது.

பச்சை இறப்பரோடு கந்தகத்தைச் சேர்த்து, 140 முதல் 150 பாகை செல்சியசில் அச்சுக்குள் வைத்து அழுத்தினால், கந்தக அணுக்கள் அயலிலுள்ள இரண்டு சங்கிலிகளுக்கு இடையே பாலம் போடுகின்றன. இதுதான் வல்கனைசுப்படுத்தல். 1839இல் சார்ள்ஸ் குட்இயர் கண்டது. அந்தப் பாலத்துக்கு குறுக்குப் பிணைப்பு என்று பெயர். ஏறக்குறைய நூறு ஐசோப்பிரீன் அலகுகளுக்கு ஒரு பாலம் என்ற அளவில் விழுந்தாலே போதும், இடியப்பம் வலையாகிவிடும்.

கல்லடிப் பக்கம் காயப்போட்டிருக்கும் தங்கூசி (நைலோன் இழை) மீன்வலையை நினைத்துப் பாருங்கள். வலையைத் தண்ணீரில் அமிழ்த்தினால் கண்கள் விரியும், நீர் நிறையும். எவ்வளவு நேரம் ஊறினாலும் முடிச்சு அவிழாது. வல்கனைசுப்படுத்திய இறப்பருக்குள் தொலுயீன் போன்ற நல்ல கரைப்பான் புகும்போது நடப்பதும் இதுதான். சங்கிலிகள் விலகிப் போக முயலும், பாலங்கள் இழுத்துப் பிடிக்கும். இரண்டும் சமநிலைப்படும் இடத்தில் பெருப்பது நின்றுவிடும். 0.200 கிராம் துண்டு 0.900 கிராமாக வருவது வழமையான அளவு. பாலம் கூடக்கூடப் பெருப்பது குறையும். இதைக் கணக்காக்கிய சமன்பாட்டை புளோரியும் ரேனரும் 1943இல் தந்தார்கள். அதன் விபரம் இங்கே வேண்டியதில்லை.

இதுவரை சுருக்கமாக: பச்சை இறப்பர் கரையும். வல்கனைசுப்படுத்திய இறப்பர் பெருக்கும், கரையாது. கரைப்பான் சங்கிலிகளை விலக்கும், ஆனால் குறுக்குப் பிணைப்பை வெட்டாது.

வலைக்குள் வேறொரு நூல்

பல பொருட்களில் இறப்பரைத் தனியாகப் பாவிப்பதில்லை. விறைப்புக் கூட, தேய்மானம் குறைய, எண்ணெய் தாங்க, விலை இறங்க என்று ஏதோ ஒரு காரணத்துக்காக இன்னொரு பல்பகுதியத்தைச் சேர்ப்பார்கள். இப்படிக் கலந்ததுதான் பல்பகுதியக் கலவை. சேர்க்கப்பட்டதை இந்தக் கட்டுரை முழுவதும் "விருந்தாளி" என்றே சொல்லப்போகிறோம். பெயர் நீளமாக இருந்தால் கருத்து தவறிப்போகும்.

விருந்தாளியை ஏன் வெளியே எடுக்க வேண்டும்? எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்று அறிய ஒரு தேவை. விருந்தாளி இறப்பரோடு இரசாயன முறையில் ஒட்டிவிட்டதா, சும்மா பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு தேவை. விருந்தாளி போன இடத்தில் துவாரங்கள் மிஞ்சும் என்பதால், இலத்திரன் நுணுக்குக்காட்டியில் அது எப்படிப் பரவியிருந்தது என்பதையும் பார்க்கலாம்.

வலையில் முடிச்சுப் போடாத ஒரு தனித் தங்கூசி நூல் சிக்கியிருக்கிறது என்று வையுங்கள். வலை சுருண்டு கிடக்கும்போது இழுத்தால் வராது. நனைத்து, விரித்து, கண்களைத் திறந்து, மெல்லமெல்ல இழுத்தால் வரும். அந்த நூல் வலையோடு சேர்த்தே முடியப்பட்டிருந்தால் என்ன செய்தாலும் வராது. கரைப்பானால் பிரித்தெடுப்பது முழுக்க இந்த இரண்டு வசனங்களுக்குள் அடங்கிவிடும்.

எது வரும், எது வராது

கந்தகம் பாலம் போடுவதற்குச் சங்கிலியில் காபன்–காபன் இரட்டைப் பிணைப்பு இருக்க வேண்டும். இயற்கை இறப்பரில் ஒவ்வோர் அலகிலும் ஒன்று இருக்கிறது. ரெஜிபோம் செய்யும் பிளாஸ்டிக்கான பொலிஸ்ரைரீனின் முதுகெலும்புச் சங்கிலியில் அது இல்லை. பென்சீன் வளையங்கள் பக்கத்தில் தொங்கினாலும் கந்தகம் அவற்றைத் தொடாது. பொலித்தீன், பெர்ஸ்பெக்ஸ் என்று கடையில் சொல்லும் பொலிமெதைல்மெதக்ரிலேற்று, பொலியைசோபியூற்றிலீன் எல்லாம் இந்தப் பக்கம்தான். கந்தகத்தால் வல்கனைசுப்படுத்திய இறப்பருக்குள் இவை தனித்தங்கூசியாகவே இருக்கும். சரியான கரைப்பானும் நேரமும் கொடுத்தால் வரும்.

ஸ்ரைரீன்-பியூற்றடையீன் இறப்பர், பியூற்றடையீன் இறப்பர், நைத்திரைல் இறப்பர் மறுபக்கம். இவற்றிலும் இரட்டைப் பிணைப்பு உண்டு, கந்தகம் இவற்றையும் வலையோடு முடிச்சுப் போட்டுவிடும். சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து நெல் ஆலைகளில் உமி நீக்கும் இறப்பர் ரோலர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தவிட்டு எண்ணெய் படும் இடம் என்பதால் நைத்திரைல் இறப்பர் கலந்திருக்கலாம். கலந்திருந்தால் அதைக் கரைப்பானால் பிரித்தெடுக்கப் பார்ப்பது வீண்வேலை. அதற்கு வேறு வழி, பெரும்பாலும் சூடாக்கிச் சிதைத்து ஆவியை ஆராயும் முறை, வேண்டும்.

இடையில் ஒரு வகை இருக்கிறது, ஆட்களை ஏமாற்றுவது அதுதான். பெயரளவில் "வரும்" பட்டியலில் உள்ள விருந்தாளி, செய்முறையின்போது முடிச்சுப் போடப்பட்டிருக்கலாம். கந்தகத்துக்குப் பதில் பெரொக்சைட்டு பாவித்தால் பொலித்தீனிலும் பாலம் விழும். கலக்கும்போது இயந்திரத்தின் அழுத்தத்தால் இறப்பர்ச் சங்கிலி அறுந்து, அறுந்த நுனி விருந்தாளியோடு ஒட்டலாம். வேண்டுமென்றே இறப்பரில் மெதைல்மெதக்ரிலேற்றுக் கிளைகளை வளர்த்த வகையும் விற்பனையில் உண்டு. இப்படிக் கிளையாக ஒட்டுவதற்கு ஒட்டுப் பல்பகுதியம் என்று பெயர், மாங்கன்றை ஒட்டுகிற அதே பொருளில். கிளை ஒட்டியபின் அது விருந்தாளி அல்ல, வீட்டுக்காரன்.

கரைப்பானைத் தெரிவுசெய்வது

ஒத்தது ஒத்ததைக் கரைக்கும் என்பது பழைய விதி. அதற்கு எண் கொடுத்ததுதான் கரைதிறன் பரமானம். மூலக்கூறுகள் ஒன்றையொன்று எவ்வளவு இறுக்கிப் பிடிக்கின்றன என்பதன் அளவு அது. எண்கள் கிட்டக்கிட்ட இருந்தால் கலக்க வாய்ப்பு அதிகம். வழக்கமான அலகில் இயற்கை இறப்பருக்கு 16.5க்கும் 17க்கும் இடையில், தொலுயீனுக்கு 18.2, பொலிஸ்ரைரீனுக்கு 18.6, ஹெக்சேனுக்கு 14.9, அசற்றோனுக்கு ஏறக்குறைய 20, எதனோலுக்கு 26, தண்ணீருக்கு 48 அளவில். தண்ணீரில் டயர் ஏன் பெருப்பதில்லை என்பது இந்த வரிசையைப் பார்த்தாலே தெரியும்.

ஆனால் இந்த எண்ணை வேதவாக்காக எடுக்கக்கூடாது. அசற்றோனின் எண் பொலிஸ்ரைரீனுக்குக் கிட்டத்தானே, கரைக்கும் என்று நினைப்போம். மீன் பெட்டி ரெஜிபோம் அசற்றோனில் பொசுக்கென்று அமுங்கும், அதுவும் பொலிஸ்ரைரீன்தான். ஆனால் கவனித்தால் அடியில் பசைபோல ஒரு கட்டி மிஞ்சியிருக்கும். அசற்றோன் அதைக் குழைத்துக் காற்றை வெளியேற்றியது, நீளமான சங்கிலிகளை ஒழுங்காகக் கரைக்கவில்லை. தொலுயீனில் போட்டால் கட்டி இல்லாமல் தெளிவாகக் கரையும்.

இனி, புதியவர் பலர் சறுக்கும் இடம். பச்சைக் கலவையில் இறப்பரையும் பொலிஸ்ரைரீனையும் பிரிப்பதென்றால், ஒன்றைக் கரைத்து மற்றதைக் கரைக்காத கரைப்பான் வேண்டும். தொலுயீன் உதவாது, இரண்டையும் கரைத்துவிடும். அதே பழக்கத்தில் வல்கனைசுப்படுத்திய துண்டுக்கும் "விருந்தாளியை மட்டும் கரைக்கும், இறப்பரைத் தொடாத" கரைப்பானைத் தேடுகிறார்கள். பெர்ஸ்பெக்ஸ் விருந்தாளி என்றால் அசற்றோனை எடுக்கிறார்கள். அசற்றோன் பெர்ஸ்பெக்சை நன்றாகக் கரைக்கும், இறப்பரை ஏறக்குறையத் தொடாது. மேல்பார்வைக்குப் பொருத்தம். நடப்பது என்ன? வலை விரியவே இல்லை. மேற்பரப்புக்குக் கிட்ட உள்ளது மட்டும் வருகிறது, நடுவில் உள்ளது சுருண்ட வலைக்குள் பூட்டுப்பட்டுக் கிடக்கிறது.

வலை கரையாது என்பது ஏற்கெனவே உறுதி. ஆகவே இங்கே இரண்டையும் "கரைக்கக்கூடிய" கரைப்பான்தான் நல்லது: விருந்தாளியைக் கரைக்கவும் வேண்டும், வலையை நன்றாக விரிக்கவும் வேண்டும். பொலிஸ்ரைரீனுக்குத் தொலுயீன். பெர்ஸ்பெக்சுக்குத் தொலுயீனோ குளோரோபோமோ. பொலியைசோபியூற்றிலீனுக்குத் தொலுயீன் அல்லது ஹெக்சேன்.

சுருக்கமாக: விருந்தாளி முடிச்சுப் போடப்படாமல் இருக்க வேண்டும், கரைப்பான் அதைக் கரைக்க வேண்டும், அதே கரைப்பான் வலையை விரிக்கவும் வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் வராது.

செய்முறை, பொலிஸ்ரைரீன் கலந்த துண்டு ஒன்றில்

இது ஆய்வுகூட வேலை, வீட்டு வேலை அல்ல. தொலுயீனின் ஆவி 4 பாகை செல்சியசிலேயே தீப்பிடிக்கப் போதுமான அளவு எழும். நம்முடைய வெயிலில் எந்நேரமும் அது ஆயத்தம். புகையுறிஞ்சும் அலுமாரிக்குள், மின்சூடாக்கியில் மட்டும். திறந்த சுவாலை கூடாது.

துண்டை 1 மி.மீ.க்கு மேற்படாமல் நறுக்குங்கள். இது அலங்காரம் அல்ல. கரைப்பான் உள்ளே போகவும் சங்கிலி வெளியே வரவும் எடுக்கும் நேரம் தடிப்பின் வர்க்கத்தோடு ஏறும். 4 மி.மீ. துண்டுக்கு 1 மி.மீ. துண்டைப்போல 16 மடங்கு நேரம் வேண்டும். நறுக்கியதில் 2 கிராம் அளவை 0.1 மில்லிகிராம் வரை நிறுத்து, வடிதாளில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பிச் சுருட்டி எடுங்கள். குவித்துப் போட்டால் பெருத்து ஒரே கட்டியாகிவிடும், நறுக்கிய பலன் போய்விடும்.

அடுத்தது சொக்ஸ்லெட் உபகரணம். 1879இல் சொக்ஸ்லெட் பாலில் உள்ள கொழுப்பை அளக்கச் செய்தது. தேயிலை வடியில் சுடுநீரைத் திரும்பத் திரும்ப ஊற்றுவதுபோல என்று சொல்லலாம், ஒரு வித்தியாசத்தோடு: ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீர். கீழே குடுவையில் கரைப்பான் கொதிக்கிறது, ஆவி மேலே போய்க் குளிர்ந்து, நறுக்கிய மாதிரித்துண்டுகள் இருக்கும் கிண்ணத்துக்குள் சொட்டுகிறது. கிண்ணம் நிரம்பியதும் வளைகுழாய் வழியே முழுவதும் குடுவைக்குள் இறங்கிவிடும். கரைந்த பொருள் ஆவியாகாது, குடுவையிலேயே தங்கும். ஆகவே மாதிரியின் மேல் விழுவது எப்போதும் சுத்தமான கரைப்பான்.

முதற்கட்டத்தில் சிறிய மூலக்கூறுகளை நீக்க வேண்டும்: ஸ்ரியரிக் அமிலம், ஒட்சியேற்றத் தடுப்பி, எண்ணெய், இறப்பர் மரத்தோடு வந்த பிசினும் கொழுப்பும். சாதாரண இறப்பருக்கு இதை அசற்றோனில் 16 மணித்தியாலம் செய்வது நியம முறை. பொலிஸ்ரைரீன் உள்ள மாதிரிக்கு அசற்றோன் சரிவராது, குட்டையான சங்கிலிகளை இழுத்துக்கொண்டு போகும். எதனோல் பாவியுங்கள். பின் உலர்த்தி நிறுங்கள்.

இரண்டாம் கட்டம் தொலுயீன். இதைச் சொக்ஸ்லெட்டிலும் செய்யலாம், அறை வெப்பநிலையில் ஊறவைத்தும் செய்யலாம். ஊறவைப்பதே மேல் என்பது எங்கள் கருத்து. மூடிய போத்தலில் 100 மி.லீ. தொலுயீன், இருட்டில், 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறை கரைப்பானை மாற்றி, ஐந்து முதல் ஏழு நாள். ஒவ்வொரு நாள் வடித்த தொலுயீனையும் தனியே ஆவியாக்கி மிச்சத்தை நிறுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து 1 மில்லிகிராமுக்குக் கீழே வந்தால் நிறுத்தலாம். நாட்கணக்கை முன்கூட்டியே தீர்மானித்து நிறுத்துவதைவிட இது நம்பகமானது. நீளமான சங்கிலி வலைக்கண்கள் ஊடாகச் சாரைப்பாம்பு வேலிக்குள் புகுவதுபோல நுனியால் ஊர்ந்துதான் வரவேண்டும், அது எத்தனை நாள் என்று நாம் சொல்ல முடியாது.

கடைசியில் வலைத்துண்டுகளை வெற்றிட அடுப்பில் 60 பாகையில் நிறை மாறாமல் வரும்வரை உலர்த்துங்கள். வடித்த கரைசலைச் சில மில்லிலீற்றருக்குச் சுண்டவைத்து, பத்து மடங்கு மெதனோலுக்குள் துளிதுளியாக விட்டால் பொலிஸ்ரைரீன் வெள்ளைத் துகளாக விழும்.

எங்கே பிழைக்கும்

உலர்த்துவதில்தான் அதிகம் பிழைக்கும். பெருத்த இறப்பர் கடைசித் துளித் தொலுயீனை இலகுவில் விடாது. தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும், தராசு வேறு சொல்லும். அரைகுறையாகக் காய்ந்த வலை கூடுதலாக நிறுக்கும், "விருந்தாளி முழுதாக வரவில்லை" என்று தவறாக எழுதுவோம்.

அடுத்தது சூடு. தொலுயீன் கொதிப்பது 110.6 பாகையில். முதற்கட்டத்திலேயே ஒட்சியேற்றத் தடுப்பியைக் கழுவி எடுத்துவிட்டோம், இறப்பருக்கு இப்போது காவல் இல்லை. சூடும் காற்றும் வெளிச்சமும் சேர்ந்தால் சங்கிலிகள் அறும், அறுந்த இறப்பர்த் துண்டுகளும் கரைசலுக்குள் போகும். பிரித்தெடுத்த அளவு நாளுக்குநாள் ஏறிக்கொண்டே போய் நிற்காமல் இருந்தால், விருந்தாளி வருகிறது என்று மகிழ வேண்டாம். வலை சிதைகிறது. சூடாகச் செய்தே ஆகவேண்டுமென்றால் நைதரசன் சூழலில் செய்யுங்கள்.

பொலித்தீன் தனிக்கதை. பளிங்குபோல் ஒழுங்காக அடுக்கப்பட்ட பகுதிகள் இருப்பதால் அறை வெப்பநிலையில் எந்தச் சாதாரணக் கரைப்பானிலும் அது கரையாது. கொதிக்கும் சைலீன் வேண்டும். அதைச் சொக்ஸ்லெட்டில் வைத்தால் எதுவும் வராமல் போகலாம், காரணம் எளிது: கிண்ணத்துக்குள் விழுவது குளிர்ந்து இறங்கிய துளி. குடுவை 140 பாகையில் கொதித்தாலும் மாதிரி இருக்கும் இடம் அதைவிடப் பல பாகை குறைவு. மாதிரியைக் கம்பிவலைக் கூடையில் போட்டு, கொதிக்கும் சைலீனுக்குள்ளேயே தொங்கவிட்டு, சூட்டோடு வடிக்க வேண்டும். ஆறவிட்டால் பொலித்தீன் மறுபடி படிந்துவிடும்.

காபன் கறுப்பு என்ற நுண்ணிய கரித்தூள் சேர்த்த மாதிரியில், விருந்தாளியின் ஒரு பங்கு அந்தத் துகள்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். அது இரசாயனப் பிணைப்பாக இல்லாவிட்டாலும் வெளியே வர மறுக்கும்.

கணக்கு

கணக்கு விளங்குவதற்கு ஒரு மாதிரிக் கலவை: இறப்பர் 100 பங்கு, பொலிஸ்ரைரீன் 20, நாக ஒட்சைட்டு 5, ஸ்ரியரிக் அமிலம் 2, கந்தகம் 2.5, தாக்கத்தை விரைவாக்கும் பொருள் 1, ஒட்சியேற்றத் தடுப்பி 1. மொத்தம் 131.5. ஆகவே 2.000 கிராம் மாதிரியில் பொலிஸ்ரைரீன் 0.304 கிராம், இறப்பர் 1.521 கிராம் இருக்க வேண்டும்.

எதனோல் கட்டம் முடிந்தபின், தொலுயீனில் நிறை 0.330 கிராம் குறைந்தது என்று வைப்போம். சேர்த்ததைவிடக் கூட! இறப்பரிலும் எந்தப் பாலத்திலும் மாட்டாமல் தப்பிய சில சங்கிலிகள் எப்போதும் இருக்கும், அவையும் தொலுயீனோடு வந்துவிட்டன. இப்படி வலையில் சேராமல் கரையும் பங்குக்குக் கரையும் கூறு என்று பெயர். அது எவ்வளவு என்று அறிய, பொலிஸ்ரைரீன் மட்டும் இல்லாமல் அதே கலவையில் இன்னொரு துண்டு செய்து, அதே நேரம், அதே போத்தல் வரிசையில் ஊறவைக்க வேண்டும். இந்த ஒப்பீட்டுத் துண்டு இல்லாத பிரித்தெடுப்புக்கு நாங்கள் மதிப்புக் கொடுப்பதில்லை.

ஒப்பீட்டுத் துண்டும் 2.000 கிராம், குறைந்தது 0.036 கிராம் என்று கொள்வோம். இதை நேரே 0.330இலிருந்து கழிப்பது பிழை. ஒப்பீட்டுத் துண்டின் மொத்தம் 111.5 பங்கு, அதில் இறப்பர் 1.794 கிராம். 0.036 என்பது அந்த இறப்பரின் 2 வீதம். கலவைத் துண்டில் உள்ள 1.521 கிராம் இறப்பரின் 2 வீதம் 0.030. ஆகவே வெளியே வந்த பொலிஸ்ரைரீன் 0.300 கிராம், சேர்த்ததில் ஏறக்குறைய 99 வீதம்.

அந்த எண்ணை நம்புவதற்கு முன் மெதனோலில் விழுந்த வெள்ளைத் துகளைச் செங்கீழ்க் கதிர் நிறமாலையில் பாருங்கள். பொலிஸ்ரைரீன் செ.மீ.க்கு 700, 757, 1493, 1601 அலைகள் அளவில் உறிஞ்சும். இறப்பர் கலந்திருந்தால் 835க்குக் கிட்ட ஒரு மேடு தெரியும். வலைத்துண்டையும் பாருங்கள்: 700இல் இன்னும் கூர்மையாக ஒரு மேடு நின்றால், கணக்கு 99 என்று சொன்னாலும் பொலிஸ்ரைரீன் உள்ளே இருக்கிறது. அப்போது இன்னும் மூன்று நாள் புதுத் தொலுயீனில் ஊறவையுங்கள். மேடு குறைந்தால் அது தாமதமாக வரும் நூல். கொஞ்சமும் அசையாவிட்டால், அது கலக்கும்போதே இறப்பரோடு ஒட்டிய கிளை.